முளைத் தானியமும் தோப்பியும்



ஆண்டு விழா மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று எழுதித் தருமாறு சங்கச் செயலாளர் நம்மைப் பணித்தார். ரயில்வே அலுவலகத்தில் ரசீதும் பேரேடும் எழுதிப் பழகிய கை இது. பத்தாம் வகுப்போடு ஏட்டுக் கல்வியை நிறுத்திக்கொண்டவர் நாம். ஆயினும் தமிழ் நூல்களை ஓய்வு நேரத்தில் புரட்டும் வழக்கம் உண்டு. அவ்வழக்கமே இக்கட்டுரைக்குத் துணை. குற்றம் காணின் பொறுத்தருள்க.

பொருளைச் சொன்னால் சிலர் முகம் சுளிக்கக் கூடும். பீர் என்னும் பானத்துக்கு வேண்டிய மூலப்பொருள்கள் எவை, அவை எங்கிருந்து வந்தன, நல்லவற்றை எவ்வாறு தேர்ந்தார்கள் என்பதே நாம் எடுத்துக்கொண்ட பொருள். குடும்பத்தார் படிக்கும் மலரில் இது எதற்கு என்று கேட்கலாம். அதற்குக் காரணமான நிகழ்ச்சியை முதலில் கூறிவிடுகிறோம்.

சென்ற கோடையில் ஒரு நாள், பாலசமுத்திரம் காலனியில் நம் வீட்டு மொட்டை மாடியில், முளைகட்டிய கேழ்வரகை நம் இல்லத்தரசியார் வெள்ளைத் துணியில் பரப்பி உலர்த்திக்கொண்டிருந்தார். பேத்திக்குக் கஞ்சி மாவு வேண்டியிருந்தது. அப்போது அலுவலக நண்பர் ஒருவரின் மகன் அங்கே வந்தான். பெங்களூரில் வேலை பார்ப்பவன், விடுமுறைக்கு வந்திருந்தான். முளைத் தானியத்தை ஒரு பிடி அள்ளி மோந்து பார்த்து, "அத்தை, எங்கள் ஆலையிலும் இதையேதான் செய்கிறோம். வேர் இன்னும் சற்று நீண்டிருந்தால் இனிப்புக் கூடியிருக்கும்" என்றான். எந்த ஆலை என்று கேட்டோம். பையன் தலை குனிந்தான். அவன் வேலை பார்ப்பது சிறு பீர் ஆலை ஒன்றில் என்பது அப்போதுதான் தெரிய வந்தது. உணவுப் பொருள் தொழிற்சாலை என்றுதான் அவன் தந்தையார் நம்மிடம் சொல்லி வந்திருந்தார். அவரும் உண்மையை அறிந்து ஓராண்டாக மகனோடு ஒரே பந்தியில் உட்காரவில்லையாம்.

அவர் கோபத்துக்கும் காரணம் உண்டு. அவருடைய தந்தையார் சாராயத்தால் நிலத்தையும் உடலையும் இழந்தவர். அதனை நேரில் கண்டு வளர்ந்த பிள்ளைக்கு மது என்ற சொல்லே கசப்பது இயல்பு. எனினும் பையன் கேட்ட கேள்வி ஒன்று நம் மனத்தில் தைத்தது. "மாமா, அத்தை செய்தால் கஞ்சி, நான் செய்தால் பாவமா? தானியம் ஒன்றுதானே?" என்றான். இதற்கு விடை தேடி நூல்களைப் புரட்டியதன் பயனே இக்கட்டுரை.

முளை என்னும் விந்தை

தானியத்தில் இருப்பது மாவுச்சத்து. மாவுச்சத்து அப்படியே கிடந்தால் இனிக்காது, நொதிக்காது. தானியம் நீரில் ஊறி முளைவிடும்போது, குருத்துக்கு உணவாகும் பொருட்டு, அதனுள்ளே சில நொதிகள் தோன்றுகின்றன. அவை மாவைச் சர்க்கரையாக்கும் வல்லமை உடையவை. முளை நீண்டு மாவை எல்லாம் தின்றுவிடும் முன்னே உலர்த்தி நிறுத்திவிட்டால், அந்த வல்லமை தானியத்தில் தங்கிவிடும். அதற்கு ஆங்கிலத்தில் மால்ட் என்று பெயர். நம் வீடுகளில் ராகி மால்ட் என்று வழங்குவதும் இதுவே. கஞ்சி காய்ச்சுபவர் இந்த இனிப்போடு நின்றுவிடுகிறார். பீர் காய்ச்சுபவர் அந்த இனிப்பு நீரில் ஈஸ்ட் என்னும் நுண்ணுயிரைச் சேர்த்து அடுத்த படிக்குப் போகிறார். இருவரும் பிரியும் இடம் இதுதான்.

தொண்டை நாட்டுத் தோப்பி

இவ்வித்தையை வெள்ளையர் நமக்குக் கற்பித்தனர் என்று எண்ணுவோர் பலர். அஃது உண்மையன்று. பத்துப்பாட்டில் நான்காவதான பெரும்பாணாற்றுப்படை, கடியலூர் உருத்திரங்கண்ணனார் என்னும் புலவர் காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையன் மீது பாடியது. டாக்டர் உ. வே. சாமிநாதையர் பத்துப்பாட்டை 1889-ஆம் ஆண்டு பதிப்பித்து வெளியிட்ட பின்னரே இது நம் கைக்கு எட்டியது. இப்பாட்டில் தோப்பி என்ற சொல் வருகிறது. நெல்லரிசியிலிருந்து வீட்டிலேயே சமைத்த கள் என்பது அதன் பொருள்.

அதே பாட்டில் வலைஞர் குடியிருப்பை வருணிக்குமிடத்துப் புலவர் செய்முறையையே சொல்லிவிடுகிறார். குற்றாத அரிசியைக் களியாகத் துழாவிக் காய்ச்சி, அகன்ற வாயுடைய தட்டில் ஆறவிட்டு, புற்றினுள் இருக்கும் குரும்பியைப் போலத் தோன்றும் முளை அடையை அதில் கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் கழியவிட்டு, வலிய வாயுடைய சாடியில் முதிரவைத்து வடித்தார்கள் என்பது அதன் சாரம். முளைவிட்ட தானியத்தின் வேர்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு அடைபோல் ஆவதை நம் வீட்டுப் பெண்கள் அறிவர். புற்றுக் குரும்பியின் உவமை எவ்வளவு பொருத்தம் என்பதை அவர்களே சொல்லட்டும்.

இங்கு இன்னொரு நுட்பமும் உண்டு. அரிசியின் மாவுச்சத்து நன்கு வெந்தால்தான் குழையும். அந்தக் கொதி சூட்டில் முளையின் நொதிகள் அழிந்துவிடும். ஆகவே அரிசியை முதலில் வேகவைத்து, ஆறிய பின்னரே முளையைச் சேர்க்க வேண்டும். இன்றைய ஆலைகளிலும் அரிசி சேர்ப்பதாயின் அதனைத் தனிக் கொப்பரையில் வேகவைத்த பின்பே மால்ட்டோடு கலக்கிறார்கள். சங்க காலத்து வலைஞர் வீட்டுப் பெண் இதனைப் பட்டறிவால் அறிந்திருந்தாள்.

நாம் வாழும் இந்நிலப்பகுதியும் தொண்டை நாட்டின் வடவெல்லையே. வேங்கடமலையை ஆண்ட கள்வர் கோமான் புல்லியைப் பற்றி மாமூலனார் பாடிய அகநானூற்றுப் பாடல் ஒன்றில், யானைத் தந்தமும் கள்ளின் விலையாக வரும் நெல்லும் ஒருங்கே பேசப்படுகின்றன. வேங்கடத்தின் அடிவாரத்தில் அன்று நெல்லும் நறவும் ஒன்றுக்கொன்று மாற்றுப் பண்டங்களாக இருந்தன என்பது இதனால் விளங்கும்.

வடமொழியில் கௌடில்யரின் அர்த்தசாஸ்திரத்திலும் சுராத்யட்சர் என்னும் மது அதிகாரியைப் பற்றி ஓர் அத்தியாயம் உண்டு. மேதகம் என்னும் பானத்துக்கு ஒரு துரோணம் தண்ணீர், அரை ஆடகம் அரிசி, மூன்று பிரஸ்தம் கிண்வம் என்று அளவு குறிக்கப்பட்டுள்ளது. கிண்வம் என்பது புளிக்கச் செய்யும் பொருள். அளவும் தரமும் அரசாங்கத்தின் கண்காணிப்பில் இருந்தன என்பதை இது காட்டும்.

கடல் கடந்து வந்த பீப்பாய்

வெளிநாட்டு மதுவும் நம் நாட்டுக்குப் புதிதன்று. யவனர் கொணர்ந்த தேறலைப் பற்றி நக்கீரர் புறநானூற்றில் பாடியுள்ளார். 1945-ஆம் ஆண்டு புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்தபோது அந்த மது வந்த சாடிகளின் உடைந்த துண்டுகள் கிடைத்தன. ஆனால் பீர் என்ற பெயரோடு வாற்கோதுமைப் பானம் பெருமளவில் வந்தது கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்களில்தான்.

வாற்கோதுமை, ஹாப்ஸ் என்னும் கொடியின் பூ, தண்ணீர், ஈஸ்ட் ஆகிய நான்கும் பீரின் மூலப்பொருள்கள். 1516-ஆம் ஆண்டு பவேரியாவில் பிறப்பித்த சட்டம் வாற்கோதுமை, ஹாப்ஸ், தண்ணீர் ஆகிய மூன்றைத் தவிர வேறெதுவும் சேர்க்கலாகாது என்றது. ஈஸ்ட் இன்னதென்று அக்காலத்தார் அறியார். 1876-இல் லூயி பாஸ்டர் பீரைப் பற்றி நூல் எழுதிய பின்னரும், 1883-இல் டென்மார்க்கின் கார்ல்ஸ்பர்க் ஆய்வுக்கூடத்தில் எமில் ஹான்சன் தூய ஈஸ்டைத் தனியே பிரித்து வளர்த்த பின்னரும்தான் அதன் உண்மை வெளிப்பட்டது.

லண்டனிலிருந்து நன்னம்பிக்கை முனையைச் சுற்றி இந்தியா வந்து சேர மாதக்கணக்கில் ஆகும். வழியில் பூமத்திய ரேகையின் வெப்பத்தை இருமுறை தாண்ட வேண்டும். பீர் புளித்துவிடாதிருக்க ஹாப்ஸ் பூவைக் கூடுதலாகச் சேர்த்தார்கள். அதன் கசப்பு கெடுதலைத் தடுக்கும் குணமுடையது. லண்டனில் போ என்னுமிடத்து ஹாட்ஜ்சன் என்பாரது ஆலை இவ்வியாபாரத்தில் முன்னணியில் நின்றது. 1820-களில் பர்ட்டன் நகரத்து ஆல்சாப், பாஸ் ஆகிய ஆலைகள் போட்டிக்கு வந்து வென்றன. அவை வென்றதற்கு ஒரு காரணம் பர்ட்டன் ஊரின் கிணற்று நீர். ஜிப்சம் என்னும் உப்பு மிகுந்த அந்நீர் கசப்பைத் தெளிவாகக் காட்டிற்று. இன்றும் உலகெங்கும் இந்தியா பேல் ஏல் என்ற பெயர் வழங்குகிறது. பெயரில் இந்தியா இருப்பினும் அப்பானத்தின் தானியமும் பூவும் நீரும் இங்கிலாந்துக்கு உரியவை. நம் நாடு கொடுத்தது குடிக்கும் சிப்பாயையும் வெயிலையும் மட்டுமே.

மலையும் சமவெளியும்

கப்பல் பீர் விலை மிகுந்தது. ஆகவே 1850-களில் குளிர்ந்த மலைகளில் ஆலைகள் தோன்றின. இமயத்தில் கசௌலியில் எட்வர்ட் டயர் என்பவர் தொடங்கினார். 1860-இல் மரீ ஆலை ஏற்பட்டது. தென்னாட்டில் நீலகிரி இதற்கு ஏற்ற இடமாயிற்று. அங்குள்ள காசில் ஆலை 1857-ஆம் ஆண்டினது. ஏன் மலை? குளிரூட்டும் இயந்திரம் இல்லாத காலத்தில் சூடு ஏறினால் ஈஸ்ட் கெட்டு, பானம் புளித்துவிடும். ஜெர்மானியரான கார்ல் லிண்டே 1870-களில் மியூனிக் ஆலைக்குக் குளிர் இயந்திரம் அமைத்துக் கொடுக்கும்வரை உலகெங்கும் இதே நிலைதான். சென்னையில் இன்று விவேகானந்தர் இல்லமாக விளங்கும் கட்டடம், அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியை வைக்கக் கட்டிய ஐஸ் ஹவுஸ் என்பதை நினைத்துக்கொண்டால் குளிர்ச்சியின் அருமை விளங்கும்.

1915-இல் தாமஸ் லீஷ்மன் என்னும் ஸ்காட்லாந்துக்காரர் நீலகிரியிலும் பெங்களூரிலும் இருந்த ஐந்து ஆலைகளை இணைத்து யுனைடெட் புரூவரீஸ் கம்பெனியை அமைத்தார். பெரிய பீப்பாய்களில் மாட்டு வண்டியேற்றிப் பட்டாளங்களுக்குப் பீர் அனுப்பிய காலம் அது. நாடு விடுதலை பெற்ற சமயத்தில் இக்கம்பெனி விட்டல் மல்லையாவின் பொறுப்புக்கு வந்தது.

நல்ல சரக்கு என்பது எது?

சரக்கு அலுவலகத்தில் வேலை பார்க்கும் நமக்கு, மூட்டையைக் கண்டதும் உள்ளே இருப்பது நல்லதா என்று கேட்கும் பழக்கம் உண்டு. அப்பையனிடமும் அதனையே கேட்டோம். அவன் சொன்னதையும் நாம் படித்ததையும் சேர்த்துக் கூறுகிறோம்.

வாற்கோதுமையைக் கையில் எடுத்தால் மணிகள் ஒரே அளவாய்ப் பருத்திருக்க வேண்டும். நூறு மணி ஊறவைத்தால் தொண்ணூற்றைந்துக்குக் குறையாமல் முளைக்க வேண்டும். புரதம் பன்னிரண்டு சதவீதத்துக்கு மிகலாகாது. மிகுந்தால் மாவு குறையும், பானம் கலங்கும். கதிரில் இரு வரிசை மணி கொண்ட இனம் பருத்தது. நம் நாட்டில் காலங்காலமாக விளைந்தது ஆறு வரிசை இனம். மாட்டுத் தீவனத்துக்கும் கஞ்சிக்கும் ஏற்றது. ராஜஸ்தான், ஹரியாணா, பஞ்சாப், உத்தரப் பிரதேசம் ஆகியவற்றில் குளிர்காலப் பயிராக இது விளைகிறது. ஆலைக்கு ஏற்ற இரு வரிசை இனங்களை உருவாக்கும் ஆராய்ச்சி கர்னால் நகரத்து நிலையத்தில் நடந்து வருகிறது. நம் சித்தூர் மண்ணில் கேழ்வரகும் கம்பும் நெல்லும் கரும்பும் விளையும். வாற்கோதுமை கேட்கும் குளிர் இங்கு இல்லை.

ஹாப்ஸ் பூவோ இன்னும் அருமை. கோடையில் நீண்ட பகல் வேண்டும். குளிர்காலத்தில் கொடி உறங்க வேண்டும். இந்தியாவில் காஷ்மீரத்திலும் இமாசலத்து லாஹுல் பள்ளத்தாக்கிலும் பயிரிட்டதுண்டு. எனினும் சிறு ஆலைகள் பெரும்பாலும் ஜெர்மனியிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் தருவிக்கின்றன. பூவினுள் இருக்கும் மஞ்சள் பொடியே அதன் உயிர். காற்றும் வெப்பமும் பட்டால் மணம் போய்ப் பாலாடைக் கட்டியின் நாற்றம் வந்துவிடும். ஆகவே காற்றுப் புகாத உறையில் குளிரிலேயே வைத்து அனுப்ப வேண்டும். வழியில் ஒரு நாள் வெயிலில் கிடந்தாலும் நட்டந்தான். பார்சலைத் தாமதமின்றி ஒப்படைக்கும் குமாஸ்தாவின் பொறுப்பு எத்தகையது என்பதை இதனாலும் அறியலாம்.

தண்ணீரைப் பற்றி நம்மவர்க்குச் சொல்ல வேண்டியதில்லை. பெரிய ஏரியைச் சமுத்திரம் என்று அழைத்துப் பெயரிட்டது இந்நாட்டு வழக்கு. நம் ஊர்ப் பெயரிலும் அது நிலைத்திருக்கிறது. பானத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீரே. ஆழ்குழாய் நீரின் உப்பை நீக்கி, வேண்டிய உப்பை மட்டும் அளந்து சேர்ப்பது இன்றைய முறை.

2009-இல் புணேயில் தூலலி, 2010-இல் பெங்களூரில் டாய்ட் என்று சிறு ஆலைகள் தோன்றிய பின், கடல் கடந்த சரக்கை மட்டும் நம்பாமல் கேழ்வரகையும் மாம்பழத்தையும் வெல்லத்தையும் சேர்த்துப் பார்க்கும் முயற்சிகள் நடந்து வருகின்றன. அப்பையன் தேடிக்கொண்டிருந்ததும் ஒரே சீராக முளைக்கும் கேழ்வரகைத்தான்.

விலக்கின் வரலாறு

இதுவரை தானியத்தின் பெருமை பேசினோம். மறுபக்கத்தை மறைத்தால் நாம் வரலாறு எழுதினவர் ஆகோம்.

1886-ஆம் ஆண்டுச் சென்னை ஆப்காரிச் சட்டத்தின் கீழ்க் கள்ளும் சாராயமும் அரசாங்க வருவாய்க்கு ஊற்றாயின. ஏழையின் கூலி கஜானாவுக்குப் போயிற்று. 1937 அக்டோபர் முதல் தேதி ராஜாஜியின் அமைச்சரவை சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கிற்று. அடுத்த ஆண்டு, 1938-இல், அது விரிந்தது சித்தூர், கடப்பை மாவட்டங்களுக்கே. இழந்த வருவாயை ஈடுசெய்ய 1939-இல் விற்பனை வரி வந்தது. ஆக, இந்தியாவில் மதுவிலக்கை முதலில் கண்ட மாவட்டங்களுள் நாம் வாழும் மாவட்டம் ஒன்று. 1954-இல் பிரகாசம் அவர்களின் ஆந்திர அமைச்சரவை கவிழ்ந்ததும் மதுவிலக்குப் பிரச்சினையின் மேலேயே.

1992-இல் அடுத்த நெல்லூர் மாவட்டத்துத் தூபகுண்டா என்னும் சிற்றூரில் எழுத்தறிவு வகுப்புக்கு வந்த பெண்கள் சாராயக் கடைக்கு எதிராக எழுந்தனர். அக்கனல் மாநிலம் முழுதும் பரவி, 1993-இல் சாராயம் தடை செய்யப்பட்டது. 1995-இல் என். டி. ராமராவ் முழு மதுவிலக்கைக் கொணர்ந்தார். 1997-இல் அது தளர்த்தப்பட்டது. திருமலையில் மட்டும் மதுவுக்கு என்றும் இடமில்லை.

சித்தூர் வெல்லம் புகழ் பெற்றது. நல்ல பாகு பொன்னிறமாய்த் தேவஸ்தானப் பிரசாதம் போல் மணக்கும். ஆனால் நிறம் குன்றிய மட்ட வெல்லம் கள்ளச் சாராய ஊறலுக்குப் போவதுண்டு. அங்கே தரம் பார்ப்பார் இல்லை. எது மலிவோ அது, எது வேகமாய்ப் போதை தருமோ அது. நண்பரின் தந்தையார் குடித்தது அத்தகைய சாராயம். ஆய்ந்தெடுத்த தானியத்தைப் பற்றிப் பேசும்போது அவர் முகமும் நம் கண்முன் நிற்க வேண்டும். சரக்கு நல்லதாயினும் குடித்தவன் மனைவியின் கண்ணீர் நல்லதாகிவிடாது. திருவள்ளுவர் கள்ளுண்ணாமை என்று தனி அதிகாரமே வகுத்தார். அவர் வாழ்ந்த நாட்டில் தோப்பி இல்லாமலில்லை. அதனைக் கண்டே சொன்னார்.

முடிவுரை

இவற்றையெல்லாம் தொகுத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்பரை வீட்டுக்கு அழைத்தோம். பெரும்பாணாற்றுப்படையின் அப்பகுதியை உரையோடு படித்துக் காட்டினோம். நெடுநேரம் பேசாதிருந்தார். பின்பு, "இந்தத் தொழிலை நான் ஒப்பவில்லை, இனியும் ஒப்பமாட்டேன். ஆனால் என் மகன் திருட்டுத் தொழில் செய்கிறான் என்று நினைத்திருந்தேன். அவன் தானியத்தைப் பார்க்கத் தெரிந்தவன் என்பது இன்றுதான் தெரிகிறது" என்றார். அன்று மாலை தந்தையும் மகனும் ஒரே பந்தியில் உட்கார்ந்து நம் வீட்டுக் கேழ்வரகுக் களியை உண்டனர். பையனும் ஒரு வாக்குக் கொடுத்தான்: நல்ல கேழ்வரகு விதை கிடைத்தால் முதல் மூட்டையைக் காலனிக் குழந்தைகளின் கஞ்சிக்கு அனுப்புவதாக.

பையன் கேட்ட கேள்விக்கு நமக்குத் தோன்றிய விடை இதுதான். தானியம் ஒன்றே. அதனை அறியும் அறிவும் ஒன்றே, அவ்வறிவில் பாவமில்லை. எவ்விடத்தில் நிறுத்துவது என்பது மட்டும் மனிதனின் பொறுப்பு. பிழைக்க வந்த ஊரில் பிள்ளைகள் பல தொழில்களுக்குப் போவார்கள். சில நமக்குப் பிடிக்கும், சில பிடிக்கா. பிடிக்காததை வாய் திறந்து சொல்வோம். ஆனால் பந்தியைப் பிரிக்க வேண்டாம். நம் பாட்டிமார் முளைகட்டிய அறிவை, அது தோப்பியில் இருப்பினும் கஞ்சியில் இருப்பினும், மறவாமல் அடுத்த தலைமுறைக்குக் கொடுப்போம்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!